இலையின் வாசலை அடைக்காதீர்கள்

கடல் கடந்து வாணிகம் செய்தும் கரைக் கவலை மறவாத அவைத்தலைவர் மீரா சாகிபு மரைக்காயர் அவர்களே! மேடையை அணி செய்யும் பங்குத் தந்தை அவர்களே! வலையை உலர்த்திப் போட்டுவிட்டு, உடம்பில் உப்புக் காயுமுன் ஓடி வந்திருக்கும் பெரியோர்களே! மணலையே மஞ்சமாக்கி அமர்ந்திருக்கும் தாய்மார்களே! மாணவ மணிகளே! அனைவரையும் பணிந்து வணங்குகிறேன்.

இராமநாதபுரத்தில் தாவரப் பாடம் நடத்தும் ஆசிரியன் நான். இந்தப் பாம்பன் கரையிலே இன்று நீங்கள் மரம் நடப் போகிறீர்கள். நடுவது பெரிதா? நட்டதை வாழ வைப்பது பெரிதா? வாழ வைப்பதுதான் பெரிது. அதைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லவே வந்தேன்.

இலையைப் பார்த்திருக்கிறீர்கள். இலைக்கு வாய் உண்டு, அறிவீர்களா? குண்டூசித் தலையளவு இடத்திலே எத்தனையோ வாய்கள்! பெரும்பாலும் அடிப்புறத்தில், கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய துளைகள். என்ன தம்பி, சிரிக்கிறாய்? அத்தனை வாய் இருந்தும் அது யாரையும் ஏசியதில்லை. நமக்கு இருப்பது ஒன்று. அதையே கட்டி வைக்க முடியவில்லை!

அந்த வாய் ஒவ்வொன்றுக்கும் இரண்டு காவலர். நீர் நிறைந்தால் காவலர் புடைத்து வளைவர், வாய் திறக்கும். நீர் குறைந்தால் தளர்ந்து நெருங்குவர்; வாய் மூடும். திறந்த வாய் வழியே கரியமில வாயு உள்ளே போகும். அதையும் தண்ணீரையும் சேர்த்து, வெயிலிலே இலை தன் சோற்றைச் சமைக்கும். நமக்குப் பிராணவாயுவைத் தரும். ஆனால் அதே வாய் வழியே தண்ணீரும் ஆவியாகிப் போகுமே! என்ன செய்யும் அந்த ஏழை இலை? திறந்தால் தாகம். மூடினால் பசி. இந்த இரண்டுக்கும் நடுவேதான் அதன் அன்றாட வாழ்க்கை நடக்கிறது.

இந்த ஊரில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். உரியவர்களின் சம்மதம் பெற்றே சொல்கிறேன்.

போன ஆண்டு, தென்மேற்கிலிருந்து சீறும் கச்சான் காற்றிலே, இவ்வூர் மீனவர் சவேரியார் வள்ளத்தோடு கடலில் போனார். உடல் கரை சேரவில்லை. கல்லறை கட்ட வழியில்லை. அவர் மனைவி அற்புதம்மாள் என்ன செய்தார்? கணவர் கடலுக்குப் போட்டுப் போகும் சட்டைகளில் வீட்டில் இருந்த ஒன்றை முற்றத்திலே புதைத்தார். அதன் மேல் ஒரு பூவரசங்கன்றை நட்டார். அதுவே கல்லறை, அதுவே அந்த அம்மாளுக்குத் துணை. ஊற்றுத் தோண்டிக் குடிக்கும் ஊரிலே, தாம் குடிக்கும் தண்ணீரில் பாதியை அதற்கு வார்த்தார்.

பங்குனி வெயில் வந்தது. உச்சிப் பொழுதிலே கன்று தலை தொங்கியது. இலையில் உள்ள ஓட்டை வழியே தண்ணீர் போகிறதென்று யாரோ சொல்ல, பதறிப்போய்க் கொழுந்தனார் செபஸ்தியானிடம் ஓடினார் அந்த அம்மாள். செபஸ்தியானுக்கு வள்ளம் பழுது பார்க்கும் தொழில்.

"ஓட்டைதான மதினி? அடைச்சுருவோம். அதுக்குத்தான நாங்க இருக்கோம்" என்றார் அவர்.

கடலிலே ஓட்டை என்றால் சாவு. ஓட்டையைக் கண்டால் அடைத்தே பழகிய கை அது. வள்ளத்துக்குப் பூசும் சுறா எண்ணெயை எடுத்து, மேலும் கீழுமாக இலை இலையாகப் பூசினார். அந்தக் கையை யார் குறை சொல்வது? அத்தனையும் அன்பு!

இலைகள் மஞ்சளித்தன. கருகின. உதிர்ந்தன. கடற்பாசி சேகரிக்கத் தெரு வழியே போன என்னை, முற்றத்து வேலிக்கு உள்ளிருந்தே அந்த அம்மாள் கூப்பிட்டு நிறுத்தினார்.

"வாத்தியாரய்யா, ஒருக்காக் கடல்ல போனாரு. இப்ப என் வீட்டுலயே, என் கண்ணு முன்னாலயே மறுக்காவும் போறாரா?"

தாய்மார்களே, நான் உள்ளே போய்க் குனிந்து இலையைத் தொட்டேன், விரலில் எண்ணெய் ஒட்டியது.

"ஓட்டைய அடைச்சது தப்பா சார்?" என்று தலைகுனிந்து கேட்டார் செபஸ்தியான். "வள்ளத்து ஓட்டையில் கடல் வரும், ஐயா, இலையின் ஓட்டையில் உணவு வரும். தாகத்தைத் தடுக்கப் போய்ச் சோற்றையும் தடுத்துவிட்டோம்" என்றேன். தண்டைக் கீறினேன், உள்ளே பச்சை இருந்தது! எஞ்சிய இலைகளைச் சீயக்காய் நீரால் துடைத்தோம். பனையோலையால் நிழல் கட்டினோம். வேரடியில் சருகு பரப்பினோம். கோடை மழை விழுந்தது, கன்று துளிர்த்தது!

கை தட்டுகிறீர்கள், தட்டுங்கள். ஆனால் அன்று நான் இன்னொன்றையும் கண்டேன். அந்த வீட்டின் கதவும் அடைத்தே இருந்தது. கணவர் போன நாள் முதல் அந்த அம்மாள் கரைக்கு வரவில்லை. கல்யாண வீட்டுக்குப் போகவில்லை. அழைக்கத்தான் யார் போனோம்? இனியும் எதையும் இழக்கக் கூடாதென்று வாசலை அடைத்தால், காற்று எந்த வழியாக வரும்? கஞ்சி எந்த வழியாக வரும்? கனிவான ஒரு சொல் எந்த வழியாக வரும்? இழந்து இழந்தே இலை வாழ்கிறது! இழப்புக்கு அஞ்சி அடைபட்ட இலை பட்டினியால் சாகிறது! மனிதருக்கு மட்டும் வேறு விதியா?

இன்றைய விழாவின் முதல் கன்றை அவைத்தலைவர் நடுவதாக அழைப்பிதழ் சொல்கிறது. அற்புதம்மாள் நடட்டுமா என்று நேற்று அவைத்தலைவரிடம் கேட்டேன், உடனே இசைந்தார். அந்த அம்மாளிடமும் கேட்டேன். "தாலியறுத்தவ நட்டா வெளங்குமாய்யா?" என்றார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது நானல்ல, இந்த ஊர்.

அதோ, மரைக்காயர் அவர்கள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கீழே இறங்குகிறார். "வாங்க தங்கச்சி" என்கிறார். கடைசி வரிசையிலே, தென்னைக்குப் பின்னால், ஒருவர் எழுந்து நிற்கிறார்.

தாய்மார்களே, சற்று விலகி வழிவிடுங்கள். பொறுமையோடு கேட்டீர்கள், நன்றி, வணக்கம். அந்த அம்மாள் நடந்து வரட்டும்.