முதல் ஸ்டார்ட்டில் பாட்டு வேண்டாம்

மேடையில் அமர்ந்திருக்கும் வேன் ஓட்டுநர் நலச் சங்கத் தலைவர் பஞ்சநதம் அவர்களே, அதிராம்பட்டினத்திலிருந்து வந்திருக்கும் மீன் வண்டி இப்ராஹிம் அண்ணன் அவர்களே, கண்ணீரோடு கூடியிருக்கும் திருக்காட்டுப்பள்ளி மக்களே!

வேன் ஓட்டுகிற பரிதி பேசுகிறேன். மைக்கைப் பிடித்து நிற்கிறேன். துக்கம் பாதி, பயம் மீதி. சங்கத்தின் துணைத் தலைவர், பட்டறை செந்தாமரை அக்கா, போன வாரம் மாரடைப்பில் நம்மை விட்டுப் போய்விட்டார். இனி நம் எஞ்சின்களுக்குக் காது கொடுக்க யார் இருக்கிறார்கள்? சொல்லுங்கள், யார் இருக்கிறார்கள்?

நம்மிடம் ஒரு பழக்கம். விடிந்ததும் வண்டிக்குச் சூடம் காட்டுவோம், சாவியைத் திருகுவோம், கூடவே சாமி பாட்டைச் சத்தமாகப் போடுவோம். அக்கா ஓடிவந்து அதட்டுவார்: "பாட்ட நிறுத்துங்க தம்பி! முதல் ஸ்டார்ட்ல வண்டி சொல்றதக் கேளுங்க." சில விநாடி கடகடவென்று சத்தம் வரும். ஆயில் ஏறியதும் அடங்கிவிடும். சரியாகிவிட்டது என்று நாம் கிளம்பிவிடுவோம். ஆனால் உள்ளே எஞ்சினைத் தாளம் தப்பாமல் ஓடவைக்கும் டைமிங் செயின் தொய்ந்தபடியேதான் கிடக்கும்.

இப்ராஹிம் அண்ணனைக் கேளுங்கள்! அவர் மீன் வண்டியிலும் இதே சத்தம் கேட்டு அக்கா நிறுத்தச் சொன்னார். "இந்த ஒரு லோடு மட்டும் எறக்கிட்டு வந்துடுறேம்மா" என்று கெஞ்சினார். "போங்க. ஆனா திரும்பி வருவீங்கன்னு என்னால சொல்ல முடியாது" என்றார் அக்கா. அண்ணன் வண்டியை விட்டுவிட்டுப் போனார். பிரித்துப் பார்த்தால் ஆயிலில் இரும்புத்தூள்! செயினைத் தாங்கும் பட்டை உடைந்து கிடந்தது! ஓடும்போது செயின் நழுவினால் எஞ்சின் அப்படியே நின்றுவிடும். ஸ்டியரிங் இறுகும். பிரேக் கல்லாகிவிடும். நம் சாலைகளோ ஆற்றங்கரைச் சாலைகள். குடமுருட்டியில் இப்போது கரை தொட்டுத் தண்ணீர் போகிறது.

இன்று காலை பாட்டுப் போடாமல் என் வேனைக் கிளப்பினேன். கடகடவென்றது. ஆயில் அளவு பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. மறுபடி கிளப்பினேன், சத்தமே இல்லை. என்னவென்று எடுத்துக்கொள்வது? பழக்கதோஷத்தில் அக்காவுக்குப் போன் போட்டுவிட்டேன். மகள் சுடர்விழி எடுத்து, "அம்மா இல்லையேண்ணே" என்றாள்.

நாளைக்கு ரெங்கசாமி ஐயாவுக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். சொந்தபந்தமெல்லாம் என் வேனில் போவதாக ஏற்பாடு. ஐயா, முன்வரிசையில்தான் இருக்கிறீர்கள். உங்கள் முகத்தைப் பார்க்கவே பயமாக இருக்கிறது. என் வேன் வராது! "நல்ல காரியத்துல தடங்கல் சொல்றியேப்பா" என்று கேட்பீர்கள். கேளுங்கள். செயின் மாற்றாமல் ஒரு உயிரையும் நான் ஏற்ற மாட்டேன். அக்காவின் படத்துக்கு முன்னால் இது என் உறுதி! சந்தேகம் வந்த வண்டியை முகூர்த்த நாளானாலும் நிறுத்துவோம் என்று நம் சங்கமும் இப்போதே எழுந்து நின்று சொல்லட்டும்!

தலைவர் வேறு வண்டிக்குச் சொல்லிவிட்டார். ஐயா, அதில் போய் மாலை மாற்றிக்கொள்ளுங்கள். எல்லோரும் பத்திரமாகத் திரும்பி வந்து, என் வீட்டு வாசலில் நின்று, என்னை ஆசைதீரத் திட்டுங்கள்.