பேராசிரியரின் கோப்பை

ஈரல் டாக்டர்கள் குடிக்க மாட்டார்கள் என்று நீங்கள் நினைத்திருந்தால், இன்ஸ்பெக்டர், எங்கள் டிபார்ட்மெண்ட் விருந்துக்கு ஒரு தடவையாவது வந்திருக்க வேண்டும். பகலெல்லாம் நோயாளிகளிடம் ஒரு சொட்டு கூடாது என்று சொல்லிவிட்டு, வியாழக்கிழமை சாயங்காலமானால் பன்றி இறைச்சி சுடும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து சோஜு ஊற்றிக்கொள்வோம். பேராசிரியர் மேங் தானே அதைச் சொல்லிச் சிரிப்பார். நல்ல மனிதர். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை, அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த விருந்தில் ஒரு வழக்கம். பேராசிரியர் தன் கோப்பையைக் காலி செய்து, துடைத்து, ஒருவரிடம் நீட்டுவார். வாங்குகிறவர் இரண்டு கையாலும் வாங்கி, அவர் ஊற்றியதை முகத்தைத் திருப்பிக்கொண்டு குடிக்க வேண்டும். எச்சில் கோப்பை ஈரலுக்கு ஆகுமா என்று அங்கே யாரும் கேட்க மாட்டோம். நான் ஃபெலோவாகச் சேர்ந்ததிலிருந்து அது எனக்குத்தான் வந்தது. ஃபெலோ என்றால் இரண்டுங்கெட்டான் பிழைப்பு. படிப்பெல்லாம் முடிந்துவிட்டது, வேலை மட்டும் நிரந்தரம் கிடையாது. வார்டையும் பார்க்க வேண்டும், பேராசிரியரின் ஆராய்ச்சியையும் இழுக்க வேண்டும். வசந்தத்தில் நிரந்தர இடம் ஒன்று காலியாகவிருந்தது. கோப்பை யாருக்கோ இடமும் அவருக்குத்தான் என்று நர்ஸுகளுக்குக்கூடத் தெரியும்.

அப்புறம் தாக் யொன்ஜு வந்தாள். எனக்கு ஜூனியர். கெட்டியாகிப்போன ஈரலை இளக வைக்கும் ஒரு புது மாத்திரையைச் சோதிக்கும் ஆராய்ச்சியை அவளிடம் கொடுத்தார்கள். நான் கேட்டிருந்த ஆராய்ச்சி அது. அடுத்த விருந்தில் பேராசிரியர், "ப்யோ, கொஞ்சம் நகருப்பா, யொன்ஜு இங்க உக்காரட்டும்" என்றார். நகர்ந்தேன். கோப்பை என் மூக்குக்கு முன்னால் அவளிடம் போனது. வயிறு எரிந்தது. அதை மறைப்பானேன். வீட்டுக்குப் போயும் எரிந்தது, காலையில் பல் தேய்க்கும்போதும் எரிந்தது.

அவள் கெட்டவளாக இருந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். "என்ன சீனியர், மூஞ்சி அடுப்புல கருகின பூண்டு மாதிரி இருக்கு" என்று சொல்லிக்கொண்டே என் கோப்பையையும் நிரப்பினாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவளுடைய ஆராய்ச்சியின் தங்கக்கட்டி குவாக் என்பவர். சந்தையில் கருவாட்டுக் கடை வைத்திருந்தார். மஞ்சள் பூத்து, வயிறு வீங்கி வந்தவர், அந்த மாத்திரையில் தேறிக்கொண்டே வந்தார். பேராசிரியர் எந்தக் கூட்டத்தில் பேசினாலும் குவாக்கின் ஈரல் படம் திரையில் வந்துவிடும். பூசானில் நடந்த மாநாட்டுக்கு யொன்ஜுவையும் அழைத்துக்கொண்டு போனார். புறப்படும்போது அவள், "சீனியர், நான் வர்ற வரைக்கும் குவாக் மாமாவைக் கண்ணுல வெச்சுப் பாத்துக்கங்க" என்றாள். பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

மறுநாள் குவாக்கின் மனைவி லிஃப்ட் அருகே என்னை நிறுத்தினார். கையில் ஒரு பெட்டி. உள்ளே வெள்ளி நிறப் பைகளில் அடைத்த வேர்க் கஷாயம். எங்கள் ஊரில் உடம்பு தளர்ந்தால் காய்ச்சிக் குடிப்பார்கள். முடி கறுக்கும், முழங்கால் உரம் பெறும் என்பார்கள். அந்த வேர் ஈரலுக்கு ஆகாது. எங்கள் வார்டில் சேர்ந்த முதல் வாரமே கற்றுக்கொள்ளும் பாடம் அது. யொன்ஜு எல்லாக் குடும்பத்திடமும் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

"அந்தப் பொண்ணு டாக்டர் எதுவும் தரக் கூடாதுன்னுட்டாங்க. ஆனா இவருக்குக் காலே நிக்கல. நீங்க பெரியவங்க, நீங்க சொல்லுங்க டாக்டர்" என்றார்.

நீங்க பெரியவங்க என்று அந்த மாதங்களில் என்னிடம் சொன்னவர் அவர் ஒருவர்தான். "பாசத்தோட காய்ச்சினது என்னம்மா செய்யும். கொடுங்க. சின்னவங்க காதுல மட்டும் போட வேண்டாம், கோவிச்சுக்குவாங்க" என்றேன். அவர் குனிந்து குனிந்து நன்றி சொன்னார். நான் யாருக்கும் எதையும் ஊற்றிக் கொடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

குவாக்கின் கண் மறுபடி மஞ்சளானது. யொன்ஜு ஓடி வந்து மாத்திரையை நிறுத்தினாள். மஞ்சள் இறங்கவில்லை. கஷாயம் நிற்கவில்லையே, எப்படி இறங்கும். "சீனியர், வீட்டுல ஏதாவது குடுத்தாங்களான்னு கேட்டுப் பாத்தேன், இல்லவே இல்லைங்கறாங்க. உங்ககிட்ட ஏதாவது சொன்னாங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்போ மாத்திரைதான். நான்தான் கொன்னுட்டிருக்கேன்" என்று படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள். காபி வாங்கிக் கொடுத்தேன். அன்றைக்கு அவளை எனக்குப் பிடித்திருந்தது.

கடைசியில் ஈரல் மாற்றுவது ஒன்றுதான் வழி என்றானது. எங்கள் ஊரில் அப்பாவுக்கு ஈரல் போனால் பிள்ளையைத்தான் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். குவாக்குக்கு ஒரே மகள், பொமி. வங்கியில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். யாரும் கேட்பதற்கு முன்னால் அவளே வந்து, "எங்கிட்ட இருந்து பாதியை எடுத்துக்கங்க" என்றாள். எடுத்தார்கள். அவள் ஈரல் அவருக்குப் பொருந்தவில்லை. பத்து நாள்கூடத் தாங்கவில்லை, போய்ச் சேர்ந்தார்.

ஆராய்ச்சியை நிறுத்தினார்கள். யொன்ஜு மேல் விசாரணை வைத்தார்கள். அவளே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். "என் பக்கம் நின்னது நீங்க மட்டும்தான் சீனியர்" என்று எனக்குச் செய்தி அனுப்பினாள். அடுத்த விருந்தில் பேராசிரியர் என்னை மறுபடி பக்கத்தில் உட்கார வைத்தார். பிறகு கோப்பையைத் துடைத்து, "ப்யோ, நீயாவது இருக்கியே" என்று என்னிடம் நீட்டினார். இரண்டு கையாலும் வாங்கினேன். அவ்வளவு நல்ல சோஜு நான் குடித்ததில்லை.

மீதியை நீங்கள் வார்டில் விசாரித்திருப்பீர்கள். பேராசிரியர் எங்களோடு நோயாளிகளைப் பார்த்துக்கொண்டு வரும்போது குவாக்கின் மனைவி வந்தார். இளைத்துப் பாதியாகியிருந்தார். நன்றி சொல்ல வந்தாராம். பையிலிருந்து ஒரு வெள்ளிப் பையை எடுத்து, முனையைக் கிழித்து, எல்லோர் எதிரிலும் இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார்.

"நீங்க சொல்லித்தானே டாக்டர் கொடுத்தேன். நல்லதுன்னு சொன்னீங்க. இனி வீட்டுல குடிக்க ஆளில்ல. நீங்களும் களைச்சுப்போயிருக்கீங்க, குடிங்க."

பெரியவர் நீட்டியதை மறுக்கக் கூடாது. வாங்கினேன். ஒரு மடக்கு ஒன்றும் செய்யாது என்பது அந்த வார்டில் மற்றவர்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் கை வாய்க்குப் போகவில்லை. பேராசிரியர் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வாசனையே அவருக்குப் போதும். அந்த அம்மாவும் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் அவருக்கும் புரிந்துவிட்டது.

நீங்கள் குவாக்கைப் பற்றித்தான் கேட்டீர்கள். வீட்டில் குடிக்க ஏன் ஆளில்லை என்று கேட்கவில்லை. பொமி ஆபரேஷன் கோளாறில் போனதாகத்தான் ரிப்போர்ட்டில் இருக்கும். அவள் நன்றாகத்தான் தேறி வந்தாள். பாதி ஈரலோடு வீட்டுக்குப் போகிற நாளில் அம்மா என்னிடம் வந்து, மிச்சக் கஷாயத்தை இவளுக்குத் தரலாமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொன்னால், அவருக்கு மட்டும் ஏன் தரச் சொன்னீர்கள் என்று கேட்டிருப்பார். அதனால் கொடுங்கள் என்றேன். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். யொன்ஜு என்னைப் பார்க்க வெளியே காத்திருக்கிறாள் என்றீர்களே, வரச் சொல்லுங்கள். அவளை மறுபடி வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்களாம். எனக்கு அவளிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: நேற்று வியாழக்கிழமை, விருந்து இருந்திருக்கும், கோப்பையைப் பேராசிரியர் யாரிடம் நீட்டினார்?