யாரோ கொடுத்த பேருந்துப் படம்

இந்த நூல் வெளியீட்டு அவையை அழகுற நடத்தித் தரும் தலைவர் அவர்களே, அல்லும் பகலும் அயராத மருத்துவப் பெருமக்களே, செவிலியச் சகோதரிகளே, சக்கர நாற்காலியில் வந்தும் சிரித்த முகத்தோடு அமர்ந்திருக்கும் பெரியோர்களே, அவர்களைத் தள்ளிக்கொண்டு வந்த தாய்மார்களே, இடமில்லாமல் சுவரோரம் நிற்கும் தம்பி தங்கைகளே! உங்கள் எல்லோருக்கும் என் கனிவான வணக்கம்.

ஆடைத் தொழிற்சாலைச் சங்கத்துக்காக மேடை மேடையாகத் தொண்டை கிழியப் பேசியவள் நான். சொல்லே என் சொத்து. சொல்லே என் சோறு. அப்படிப்பட்டவள் வீட்டிலேயே ஒருவன் சொல்லை இழந்தான். அவன் என் உடன்பிறந்த தம்பி, நகரப் பேருந்து ஓட்டுநர். ஒரு நாள் காலை, வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும்போதே அவனைப் பக்கவாதம் தாக்கியது. கண் விழித்தபோது மருத்துவமனைக் கட்டில். வாய் திறக்கிறது, வார்த்தை வரவில்லை. வலது கை எழவில்லை. எழுத்தைக் காட்டினால் எழுத்தும் பிடிபடவில்லை.

பார்க்கப் போகும்போதெல்லாம் தன் மனைவியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வான். எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பான். எதையோ கேட்கிறான். எதைக் கேட்கிறான்?

“வலிக்குதாங்க? தண்ணி வேணுமா? லைட்ட அணைக்கட்டுமா?” என்று அவள் கேட்பாள். இல்லை, இல்லை, இல்லை என்று தலையாட்டுவான். கடைசியில் இடது கையால் கட்டிலை அடித்து அழுவான். பேருந்தையே கட்டி ஆண்டவன், ஒரு கேள்வியைக் கேட்க முடியாமல் கிடந்தான், பெரியோர்களே!

அந்த வார்டில் பேச்சுப் பயிற்சியாளர் அம்மையார் ஒருவர் இருந்தார். இதோ, மேடையில் தலை குனிந்து அமர்ந்திருக்கிறாரே, அவர்தான். “பேச்சுதாம்மா போயிருக்கு, நினைப்பு எங்கயும் போகல. விரல் நீட்டிக் காட்ட ஒரு படம் இருந்தா மனசுல உள்ளத சொல்லிடுவாரு” என்றார். அதற்காகவே ஒரு படப்புத்தகம் தயாரித்துக்கொண்டிருந்தார். தண்ணீர், தலையணை, மாத்திரை, மகள், காயம், கடிகாரம், பேருந்து என்று இணையத்தில் கண்ணுக்கு அழகாகத் தெரிந்த படங்களையெல்லாம் எடுத்துச் சேர்த்திருந்தார். பக்கங்களை வடிவமைத்தவர் அவருடைய ஓரகத்தி, அதாவது கொழுந்தனாரின் மனைவி. அச்சுக்குப் போகவேண்டியதுதான் பாக்கி.

பேருந்துப் படம் மட்டும் மங்கலாக இருந்தது. தெளிவான பிரதி கேட்டு, படம் எடுத்தவருக்கே எழுதினார். மரியாதையாக மறுமொழி வந்தது: “படமெடுப்பதுதான் என் பிழைப்பு. அச்சிட அனுமதி இல்லை.” அவர் சொன்னதில் தவறு உண்டா? உழைத்தவன் “இது என்னுடையது” என்று சொல்வது தவறென்றால், நான் இத்தனை காலம் மேடையில் பேசியதெல்லாம் பொய்யாகிவிடும்!

பயிற்சியாளர் மற்ற படங்களையும் சோதித்தார். அநேகமாக எல்லாவற்றுக்கும் உரிமையாளர்கள் இருந்தார்கள்.

“அக்கா, நாம விக்கவா போறோம்? நோயாளிங்களுக்குத்தானே?” என்றார் ஓரகத்தி.

“நல்ல காரியம்னு சொல்லிட்டு அடுத்தவங்களோடத எடுத்துக்க முடியுமா? நாளைக்கு இன்னொரு ஆஸ்பத்திரி இத கேட்டா பயப்படாம குடுக்கணும்ல? எல்லாத்தையும் எடுத்துடு. முதல்லேருந்து பாப்போம்.”

பின்னால் ஓர் அம்மா கேட்கிறார், “அப்புறம் படத்துக்கு எங்க போனாங்க?” நல்ல கேள்வி, தாயே! அதே இணையத்துக்குத்தான் போனார்கள். ஆனால் இம்முறை படத்தை மட்டும் பார்க்கவில்லை. படத்தின் கீழே எழுதியிருப்பதையும் படித்தார்கள். தேடும் இடத்திலேயே, பிறர் பயன்படுத்த அனுமதித்த படங்களை மட்டும் காட்டு என்று கேட்க வழி இருக்கிறது. பழைய ஓவியங்களை எல்லோருக்கும் திறந்துவிட்ட அருங்காட்சியகங்கள் இருக்கின்றன. “எடுத்துக்கொள், என் பெயரை மட்டும் சொல்” என்பவர் உண்டு. “விற்காதே” என்பவர் உண்டு. “மாற்றாதே” என்பவர் உண்டு. “எந்த நிபந்தனையும் இல்லை, போய் வா” என்று அனுப்புகிற புண்ணியவானும் உண்டு! ஒவ்வொன்றாய்ப் படித்து, பொருந்துவதை மட்டும் பொறுக்கினார்கள்.

பேருந்துதான் படுத்தியது. “அக்கா, வெளியிலேருந்து எடுத்தது நல்லதா ஒண்ணும் சிக்கல. உள்ள ஜனங்க உக்காந்திருக்கிற மாதிரி ஒண்ணு இருக்கு. பேர் போட்டா போதுமாம்.”

“பஸ்ஸுன்னு தெரியுதில்ல? வை.”

முன்படியில் நின்று உள்ளே பார்த்து எடுத்த படம் அது. மடியில் பையோடு ஒரு பெண், கம்பியைப் பிடித்த முதியவர், சன்னலில் மூக்கை அழுத்திய குழந்தை.

சோதனைப் பிரதி வார்டுக்கு வந்தது. தம்பி இடது கையால் புரட்டினான். தண்ணீரைத் தாண்டினான், தலையணையைத் தாண்டினான். பேருந்தில் நின்றான். அந்தப் பெண்ணின் முகத்தைத் தொட்டான். முதியவரைத் தொட்டான். குழந்தையைத் தொட்டான். பக்கங்களைப் பரபரவென்று புரட்டிக் காயத்துக்குக் கட்டுப் போட்ட படத்தில் விரலை வைத்தான். மறுபடி பேருந்து. மறுபடி கட்டு. புருவத்தை உயர்த்தி எங்களைப் பார்த்தான்.

அவன் மனைவி அலறிவிட்டாள்: “அண்ணி! பஸ்ல வந்தவங்களுக்கு அடிபட்டுச்சான்னு கேக்குறாரு அண்ணி!”

அடடா! எங்களுக்குத் தெரிந்த செய்தி அவனுக்குத் தெரியாது என்று ஒருவருக்கும் தோன்றவில்லையே! அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். “யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லடா! நீதான் வண்டிய ஓரங்கட்டி நிறுத்திட்டு அப்புறம் சாஞ்சிருக்கே. கண்டக்டரே வந்து சொன்னாரு.”

அவன் நம்பவில்லை. பையோடு இருந்த பெண்ணைத் தொட்டான். “நல்லாருக்காங்கடா.” முதியவரைத் தொட்டான். “அவரும் நல்லாருக்காரு.” குழந்தையின் மேல் விரலை வைத்து வெகுநேரம் என்னையே பார்த்தான். “குழந்தையும் நல்லாருக்குடா, என் தங்கமே!”

அப்போது ஒரு பெருமூச்சு விட்டான் பாருங்கள்! அவன் தோள்கள் தளர்ந்தன. நெற்றிச் சுருக்கம் கலைந்தது. பிடித்த பிடியை விடாமலே தூங்கிப்போனான். அத்தனை நாளும் எங்கள் நெஞ்சில் ஏறி அமர்ந்திருந்த பாரமும் அந்த மூச்சோடு இறங்கியது. அவன் மனைவி கட்டில் காலில் சாய்ந்து சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள்.

அந்தப் படத்தை எடுத்தவர் யார்? எந்த நாட்டவர்? எந்த மொழியினர்? பெயரைத் தவிர நாமொன்றும் அறியோம்! எங்கோ ஒரு பேருந்தில் ஏறியவர், எடுத்த படத்தைப் பூட்டி வைக்காமல் பொதுவில் வைத்தார். அவர் பெயர் இந்நூலின் கடைசிப் பக்கத்தில், மற்ற படக்காரர்களின் பெயர்களோடு அச்சாகியிருக்கிறது. அனுமதித்த படங்களால் ஆன நூல் இது. ஆகவே எவருக்கும் அஞ்சாத நூல்! மருத்துவர்களே, நகலெடுங்கள். செவிலியர்களே, கட்டிலுக்குக் கட்டில் கொடுங்கள். இனி ஒரு படத்தை எடுக்குமுன் அதன் கீழே உள்ளதைப் படியுங்கள். உங்கள் கைபேசியில் உறங்கும் படங்களில் சிலவற்றை நீங்களும் உலகுக்குக் கொடுங்கள். எந்தக் கட்டிலில் எவர் எந்தக் கேள்வியோடு கிடக்கிறாரோ, யார் கண்டது?

என்ன சிரிப்பு அங்கே? ஓ! முன்வரிசையில் என் தம்பி புத்தகத்தைப் புரட்டி ஒரு படத்தை எனக்குத் தூக்கிக் காட்டுகிறான். கடிகாரம்! புரிந்ததடா தம்பி, முடித்துவிட்டேன். இவ்வளவு நேரம் பொறுத்தருளிய உங்கள் செவிகளுக்கு நன்றி. முகம் தெரியாத அந்தக் கொடையாளிகளுக்கு நம் எல்லோரின் வணக்கம்!