ஐப்பசியில் பார்த்திருக்க வேண்டிய மாப்பிள்ளை

— துணியப் பையில எடுத்து வையி, கொளஞ்சி. மத்தியான பஸ்ஸுல விருத்தாசலம் போயிடலாம். நானே கொண்டு போயி வுட்டுட்டு வரேன்.

— நான் போவலப்பா.

— மொதல்ல அவ சோத்தத் தின்னட்டும்ங்க.

— தின்னட்டும், யாரு வேணாம்னா? நீ கொழம்ப ஊத்து, பாஞ்சாலை. பொங்கலுக்கு வந்த பொண்ணு பொங்கல் முடிஞ்சா புருசன் வூட்டுக்குப் போவணும். ரயில்வே கேட்டத் தாண்டிப் போறவங்கல்லாம், மவ இன்னும் போவலியான்னு என்னைத்தான் கேக்குறாங்க.

— கேக்குறவங்களுக்கு என் முதுகக் காட்டட்டுமா?

— மெதுவாப் பேசு. மாப்பிள்ளை காத்தவராயன் கெட்டவன் இல்ல. மழையில வேலை இல்ல, அந்தக் கடுப்பு. தை பொறந்தா வழி பொறக்கும். வெயிலு வந்திருச்சி, பீங்கான் கம்பெனியில மறுபடி ஆளு கூப்புடுவாங்க.

— போன தையிலயும் இதைத்தான் சொன்னீங்க. நானும் நம்பித்தான் போனேன்.

— போனப்பறம் நல்லாத்தான் இருந்தான்னு நீயே சொன்னியே.

— இருந்தாரு. மாசி பங்குனியில பொம்மையெல்லாம் மளமளன்னு காயும். கூலி வரும், பூ வரும், சூடா வறுத்த மல்லாக்கொட்டை வரும். ஆடி வரைக்கும் தங்கமான மனுசன். ஆவணியில சாயங்காலம் இடி இடிச்சா பேச்சு கொறையும். புரட்டாசியில சோத்துல கல்லு இருக்குதும்பாரு. ஐப்பசி அடைமழையில பொம்மை வார்க்குற அச்சும் காயாது, பொம்மையும் காயாது. ஈரத்தோட சூளையில வச்சா வெடிச்சிரும்னு ஆளுங்கள வூட்டுக்கு அனுப்பிருவாங்க. அப்பறம் அவரும் நானும் ஒழுவுற கூரையும்தான்.

— பொறுத்துக்க வேண்டியதுதான். மழைன்னா எல்லாத்துக்கும் கஷ்டம்.

— எல்லாத்துக்கும் எங்க கஷ்டம்? வானம் கறுத்தா பக்கத்து வூட்டு முத்தாயி சிரிச்சிக்கிட்டு நாத்தங்காலுக்கு ஓடுறா. நான் வாசல்ல நின்னு, ஓடுனா எந்தப் பக்கம் ஓடலாம்னு பாக்குறேன். ஆடியில ஊரே மழை வேணும்னு மாரியாத்தாளுக்குக் கூழு ஊத்துச்சி. நானும் ஊத்துனேன். இந்த வருசம் மழையே வேணாம் தாயின்னு வேண்டிக்கிட்டேன். ஊரு வயித்துல அடிக்கிற வேண்டுதல்னு தெரிஞ்சேதான் வேண்டுனேன்.

— தப்பும்மா. அப்படில்லாம் வேண்டக் கூடாது.

— வேண்டுனாலும் நடக்கல. வெளுத்து வாங்குச்சி. அவரும் வாங்குனாரு, அச்சு கட்டுற கயித்தால.

— எனக்கென்ன சோசியமா தெரியும்? வயல்ல எறங்குற வேலை இல்ல, கூரைக்குக் கீழ வேலை. மழை என்ன பண்ணிரும்னு நெனச்சிக் குடுத்தேன்.

— சித்திரையில மாப்பிள்ளை பாக்கப் போனீங்க. வெள்ளைச் சட்டை, கையில வாச்சு. ஐப்பசியில ஒரு நட போயிப் பாத்திருக்கலாம்.

— சரி, அந்தப் பொழப்பு அப்படி. என்னைப் பாரு. மழைக்கோ புயலுக்கோ ரயிலு நிக்குதா? நான் கேட்டச் சாத்தாம வுடுறனா? மாசம் பொறந்தா சம்பளம். இந்த வூட்டுல எந்த அடைமழைக்காச்சும் அடுப்பு எரியாம இருந்திருக்குதா? ஒங்கம்மாவையே கேளு.

— அம்மா எங்க பேசுது? கல்யாணமான நாள்லேருந்து அது சொல்றது ஒண்ணுதான். மழை முடியட்டும்டி, பொறுத்துக்க.

— அது சரியாத்தான் சொல்லியிருக்குது. ஆம்பளைக்கு நெலையா ஒரு வேலை இருந்தா பொண்டாட்டி மேல கை நீட்டுவானா? மழைதான் அவனக் கெடுக்குது. ஏ பாஞ்சாலை, நான் சொல்றது சரிதான?

— நெலையான வேலை இருந்தா அடிக்க மாட்டாங்கன்றீங்க.

— ஆமா. ஒம் மவளுக்குப் புரியிற மாதிரி எடுத்துச் சொல்லு. பஸ்ஸுக்கு நேரமாவுது.

— சொல்றேன். கொளஞ்சி, அந்தப் பைய இங்க குடு. துணியெல்லாம் கொடியிலேயே கெடக்கட்டும், நீ எங்கியும் போவல. ஒங்கப்பா வேலைக்கு மழையும் கெடையாது, வெயிலும் கெடையாது, வருசம் பூரா சம்பளம். என் முதுகுல கெடக்கறதுல எது ஐப்பசியில வுழுந்தது, எது சித்திரையில வுழுந்ததுன்னு அவரையே கேளு.