திரையின் மூலையில் ஒரு சின்ன வட்டம்

வளையாத நேர்மையின் வடிவாய் வந்தவரே! வாய்மையே வழியெனக் கொண்டவரே! மாணாக்கர் மனங்களில் மணிவிளக்கு ஏற்றிய மாண்பாளரே! கடலுக்குக் கரையுண்டு, காலத்துக்கு எல்லையுண்டு, தங்கள் கடமையுணர்வுக்கோ இரண்டும் இல்லை! இப்புவி சுழல்வதே தங்களைப் போன்றோர் ஊன்றி நிற்கும் உறுதியாலன்றோ!

புவி சுழல்கிறதோ இல்லையோ, நம் உரிம அலுவலகத்தின் திரைகளில் அந்தச் சின்ன வளையம் காலை முதல் மாலை வரை சுழன்றுகொண்டேதான் இருக்கும். அது ஏன் சுழல்கிறது, எந்த பிரவுசரில் திறந்தால் சுழலாது என்று அறிந்தவர் இங்கே ஒருவரே. ஆதலால், கண்காணிப்பாளர் ஐயா அவர்களே, மேலே மாணாக்கர் என்றது எங்களைத்தான் எனக் கொள்க.

திங்கள்தோறும் தாங்கள் நடத்திய பிரவுசர் ஒப்பீட்டு வகுப்பை மறப்போமா! கணினியோடு கூடவே வந்த பழைய பிரவுசருக்குப் பெரியப்பா என்று பெயரிட்டீர்கள். விண்ணப்பப் படிவம் அவரிடம் மட்டுமே ஒழுங்காகத் திறக்கும், ஆனால் "இனி எல்லாவற்றுக்கும் என்னையே வைத்துக்கொள்கிறாயா?" என்று தினமும் கேட்டு உயிரை எடுப்பார். பிறகு வந்த வேகக்காரர் மாப்பிள்ளை. வந்த வீட்டின் நினைவகம் முழுவதையும் தின்றுவிட்டு, வரிசை வாசலைத் தாண்டும் நேரம் பார்த்துத் தம்மைப் புதுப்பித்துக்கொள்ளப் போய்விடுவார். எதையும் நினைவில் வைக்காத மறைவுச் சாளரம் சாமியார். "மூணு பேரையும் சமமா நடத்துங்க. ஆனா பிரிண்ட் மட்டும் மாப்பிள்ளைகிட்ட எடுங்க" என்ற தங்கள் திருவாக்கால் மிச்சமான தாள் எத்தனை கட்டு!

அப்படியொரு திங்களன்றுதான், பொதுமக்கள் கூடத்து கவுண்டர் கணினியில் தங்கள் சொந்தக் கணக்கைத் திறந்து காட்டினீர்கள். "பாத்தீங்களா? வீட்ல போன்ல தேடினது இங்கயும் வந்து நிக்குது. எங்க போனாலும் விடாது, கூடவே வரும்" என்றீர்கள். கைதட்டினோம். சாளரத்தை மூடிவிட்டுத் தங்கள் அறைக்குச் சென்றீர்கள்.

அதன் பிறகே அது தொடங்கியது.

கூடம் திறக்காத வேளையில் கவுண்டர் அக்கா தேடல் பெட்டியைத் தொட்டார். அவர் ஓர் எழுத்தும் தட்டவில்லை. கீழே மூன்று வரிகள் இறங்கின. கவுண்டரில் தெரிவதெல்லாம் சுவரின் பெரிய திரையிலும் தெரியுமாதலால், காலியான நாற்காலிகளுக்கு முன்னால் ஆளுயரத்தில் அவை நின்றன: "வேலை முடிந்த பிறகு எங்கே போவது." "என் நாற்காலியில் இனி யார் உட்காருவார்." "பகலில் வீடு இவ்வளவு அமைதியாக இருக்குமா."

பெருக்க வந்த அம்மா துடைப்பத்தைக் கீழே போட்டார். அந்தக் கவுண்டர் நாற்காலியில் முன்பு இருந்தவர், சென்ற ஆண்டு பணியிலேயே காலமான ஆவணக் காப்பாளர். "அவருதான் கேக்குறாரு. பதில் சொல்லாம விட்டா போகமாட்டாரு" என்றார் காவலாளி. "நீங்க போய்ச் சொல்லுங்கண்ணே, நான் பின்னாடி நிக்கறேன்" என்றார் தட்டச்சர், வாசலுக்கு வெளியே நின்றுகொண்டு. மறுநாள் வேறு வரிகள் வந்தன. "ஒருவரை எத்தனை நாளில் மறப்பார்கள்" என்பது வந்த அன்று கூடம் நிறைய ஆட்கள். டோக்கன் கூப்பிட்டும் யாரும் எழவில்லை. எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திரையில் தேவையற்ற வாசகங்கள் வருவதாகப் புகார் போயிற்று. அந்த வகுப்புக்குப் பின் கூடத்துப் பக்கமே வராத தாங்கள், கவுண்டர் அக்காவுக்கு மெமோ கொடுத்தீர்கள். "நான் டைப் பண்ணலை ஐயா" என்று அவர் எழுதிய பதிலைக் கீழ்ப்படியாமை என்று குறித்தீர்கள். அவருடைய பதவி உயர்வு அதோடு நின்றது. இன்று மாலை தாங்கள் பணி ஓய்வு பெற்றுச் சென்றுவிட்டால் மெமோவைத் திரும்பப் பெறும் கையெழுத்தும் தங்களோடு போய்விடும்.

ஆவியென்றால் ஆவி, முகத்தையாவது பார்த்துவிடலாம் என்று திரையை அங்குலம் அங்குலமாகத் துழாவியவரும் அக்காவேதான். மாப்பிள்ளையின் மேல்மூலையில் கடுகளவு வட்டத்தில் ஒரு படம் இருந்தது. பெரிதாக்கினோம். தாங்கள் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். அன்று தாங்கள் மூடியது சாளரத்தை மட்டுமே, கணக்கை அல்ல.

மாண்பு மிக்கவரே! தங்கள் வீட்டுத் தனிமையை இந்த ஊரே வரிசையில் நின்று படித்துவிட்டது என்பதைத் தங்களிடம் எவர் சொல்வது? "நீ சொல்லு", "உங்களுக்குத்தான் வயசு இருக்கு, நீங்க சொல்லுங்க" என்று இரு நாள் கழிந்தது. "என் மெமோ போனா போகட்டும். அவரு மூஞ்சியப் பாத்து இதச் சொல்ல என்னால முடியாது" என்றார் அக்கா. நேரில் சொல்ல நாவெழாததை மடலில் எழுதிவிடுவது என முடிவாயிற்று. நேற்று எல்லோரும் கவுண்டரைச் சுற்றி அமர்ந்தோம்.

இன்று காலை அக்காவின் மேசையில் மெமோ ரத்து உத்தரவு கிடந்தது, தங்கள் கையெழுத்தோடு. ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி: "மடலில் எதையும் விட வேண்டாம். விழாவில் படித்துவிடுங்கள்."

தங்களிடம் நாங்கள் யாரும் இதைச் சொல்லவில்லை. "பின்ன யாருய்யா சொன்னது அவருகிட்ட?" என்று காவலாளி கேட்டபோது, ஒரு கணம் எல்லோரும் அந்த நாற்காலியைத்தான் திரும்பிப் பார்த்தோம். அதன் பின்னரே சுவர்த் திரையைப் பார்த்தோம். அதில் தங்கள் கேள்விகளுக்கு மேலே எங்களுடையது நின்றது: "மேலதிகாரி கொடுத்த மெமோவைத் திரும்பப் பெறச் சொல்லிக் கேட்பது எப்படி." தங்கள் கணக்கிலேயே அமர்ந்து தேடியிருக்கிறோம். தங்கள் போனிலிருந்து இங்கே வருவது, இங்கிருந்து அங்கேயும் போகும் என்பதை அந்த வகுப்பில் நாங்கள் கவனிக்கவில்லை.

ஆகவே, கேட்ட கேள்விகளுக்கு விடை பகர்ந்து விடை தருகிறோம். வேலை முடிந்த பிறகு இங்கே வரலாம். அக்கா டோக்கன் இல்லாமலே உட்கார வைப்பார். தங்கள் நாற்காலியில் யார் உட்காருவார் என்பதற்கு இன்னும் உத்தரவு வரவில்லை. மறப்பதைப் பொறுத்தவரை, சாமியாரைத் தவிர இங்கே எவருக்கும் அது இயலாது. நலமும் நீள்ஆயுளும் நல்லுறக்கமும் பெற்று, பகல்தோறும் பேச்சுத்துணையோடு பல்லாண்டு வாழ்க!

தங்கள் அன்பில் அகலாத
உரிம அலுவலகப் பணியாளர்கள்

பின்குறிப்பு: "பாராட்டு மடல் மாதிரி" என்று தேடியதும் தங்கள் கணக்கில்தான். முதல் பத்தி ஒரு தலைமையாசிரியருக்காக எழுதப்பட்டது.