இறங்கத்தான் வலு வேண்டும்

'கால் நழுவி விழுந்தார்' என்று காவல்துறை அறிக்கையில் எழுதியிருக்கிறீர்கள், ஐயா. அந்த வாக்கியத்தை அடித்துவிடுங்கள். கால் நழுவவில்லை, முழங்கால் மடங்கியது. இங்கே தைவானின் தைனான் நகரில் முப்பத்தோராண்டுகள் செவிலியர் மாணவிகளுக்கு உடற்கூறு கற்பித்தவள் நான். இவ்விரண்டுக்கும் வேறுபாடு தெரியாதவர்களிடம் பேசிப் பேசியே அலுத்துவிட்டேன்.

பிள்ளை பெற்ற என் மருமகள் ஷின்-ரூ, எங்கள் வழக்கப்படி ஒரு மாதம் படுக்கையில் இருந்தாள். காற்று படக் கூடாது, பச்சைத் தண்ணீர் ஆகாது, படியிறங்கக் கூடாது. நல்லெண்ணெயில் இஞ்சியும் கோழியும் வதக்கி, அரிசி மது ஊற்றிக் கொதிக்கவைத்து, வேளை தவறாமல் கொடுத்தேன். மாதம் முடிந்ததும், குழந்தையைத் தூக்கிக்கொண்டு தைப்பேயில் வேலைபார்க்கும் என் மகனிடம் போய்விடத் துடித்தாள். எங்கள் வீடு ஐந்தாம் மாடி, மின்தூக்கி கிடையாது.

"மாசந்தான் முடிஞ்சிருச்சே, அத்தை. இன்னும் படுத்தே கெடந்தா மெத்தையோட ஒட்டிக்குவேன்."

"மெலிஞ்ச ஒடம்புக்கு நூறு நாள். வாயாட மட்டும் நல்லாத் தெம்பிருக்கு. படு."

"உங்க பையன்கிட்ட சொல்றேன் பாருங்க."

"சொல்லேன். அவன் என்கிட்ட 'சரிம்மா'ன்னுதான் சொல்லுவான்."

அவளுக்கு நூறு நாள் தேவைப்படவில்லை, நன்றாகவே தேறியிருந்தாள். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

தசை என்பது கட்டுக்குள் கட்டு. கட்டைப் பிரித்தால் நார். நாரைப் பிரித்தால் இழை. இழைகள் ஒன்றனூடே ஒன்று வழுக்கிச் செல்லும்போது தசை சுருங்கி எலும்பை இழுக்கிறது. இழுக்க மட்டுமே அதற்குத் தெரியும். வேலையில்லாத தசையை உடல் வீணாகச் சுமப்பதில்லை. சில வாரங்களிலேயே கரைக்கத் தொடங்கிவிடும். படியிறங்கும்போதோ, தொடைத் தசை நீண்டுகொண்டே உடலின் எடையைத் தாங்கிப்பிடிக்க வேண்டும். ஏறுவதில் தோற்றவர் மூச்சிரைத்து உட்கார்வார்; இறங்குவதில் தோற்றவர் உருள்வார். ஆண்டுதோறும் கரும்பலகையில் படம் வரைந்து இதை விளக்கினேன். மாணவிகள் கொட்டாவி விட்டார்கள்.

நூறு நாள் கணக்குச் சொல்லி அவளைப் படுக்கையிலேயே வைத்து, வாரந்தோறும் அவளுடைய தொடையை அளவுநாடாவால் அளந்தேன். ஐந்து சென்டிமீட்டர் குறைந்திருந்தது.

"பாருங்க அத்தை, என் பழைய கால்சட்டை இப்ப நுழையும்!" என்று மகிழ்ந்தாள். அவளைத் திருத்தவில்லை.

தொண்ணூற்றேழாம் நாள் காலை நான் சந்தையிலிருந்து திரும்பியபோது, தோளில் பையும் கையில் குழந்தையுமாக வாசலில் நின்றாள். அவள் கால்கள் அப்போதே நடுங்கிக்கொண்டிருந்தன.

தள்ளினீர்களா என்று மூன்றாம் முறையாகக் கேட்கிறீர்கள். தள்ளவில்லை. கேட்க வேண்டிய கேள்வி அதுவன்று. "புள்ளைய என்கிட்ட குடு. நீ முன்னாடி எறங்கு" என்று சொல்லி, குழந்தையை வாங்கிக்கொண்டு வழிவிட்டேன். ஆறாம் படியில் மடங்கும் என்று கணித்திருந்தேன். நான்காம் படியிலேயே மடங்கியது. என் வலக்கை காலியாகத்தான் இருந்தது. நான் அதை நீட்டவில்லை.

இடுப்பெலும்பு முறிந்துவிட்டது, இனி நடப்பாளா என்று மருத்துவர்களால் சொல்ல முடியவில்லையாம். அவளை நான் வெறுத்ததில்லை. குழந்தை இங்கே வளர வேண்டும். அவ்வளவே என் விருப்பம். என் பேரனுக்கு நான் எந்தத் தீங்கும் செய்ய மாட்டேன்.

உள்ளே தூங்குகிறான். நூறு நாள் கடந்தும் தலை நிற்கவில்லையே என்று தடுப்பூசி போட்ட செவிலி குறைகூறினாள். குப்புறப் போட்டுப் பழக்க வேண்டுமாம். கழுத்துத் தசை எதனால் வலுப்பெறும் என்று எனக்கே பாடம் எடுக்கிறாள். நான் அவனைக் கீழே விடுவதே இல்லை. எந்நேரமும் கையில்தான் ஏந்தியிருக்கிறேன். அவனுக்கு என்ன அவசரம்?