பத்திரமாக வைத்த டார்ச் லைட்

பிள்ளைகளே, தேவிகாபுரம் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். இளையவள் மடியில் சார்ஜ் போடுகிற டார்ச் லைட் ஒன்று இருந்தது.

"வெச்ச இடத்துலயே செத்துப்போச்சுக்கா. அவர் துபாய்லருந்து ஆசையா அனுப்பினது."

"சார்ஜ் போட்டியா?"

"எங்க போட்டேன்? எரிச்சா கெட்டுடும்னு பொட்டியிலயே பத்திரமா வெச்சிருந்தேன்."

"அதான் கெட்டுச்சு. நாம நெய்யிற பட்டுப் புடவையே மடிப்பு மாத்தாம வெச்சா மடிப்புலயே கிழியுது. இதையும் மாசம் ஒருவாட்டியாவது எரிச்சி, மறுபடி சார்ஜ் போடணும்டி."

"வெள்ளிக்கிழமை அவர் வராரே, என்னக்கா சொல்றது?"

"நகையாட்டம் வெச்சிகினு இருந்தேன்னு சொல்லு. கோவமா வரும்?"

"கோவம் வராதுக்கா. இத்தினி நாளா தறி வேலை முடிச்சி இருட்டுல எப்படிடி வீட்டுக்கு வந்தேன்னு கேப்பாரு."